பலர் குரலும் ஜாஸும்

பினாங்கு யுரேஷியரான ஜிம்மி பாயில் (1922–1971) இயற்றிய "புத்ரா புத்ரி" என்னும் நாட்டுப் பாட்டைப் பள்ளியில் பாடியோர் நம்மில் பலர். இயற்றியவர் பெயரை அறிந்தோர் சிலரே. (தலைப்பும் நம் புத்திரர் புத்திரியர்தாம்!) அவரோ ஜாஸ் பியானோ வித்துவான். ஜாஸில் வாசிப்பவன் மெட்டை அக்கணமே தன் மனம்போல் வளர்ப்பான். பலர் கூடிப் பாடுமிடத்திலோ ஒருவன் விலகினும் பாட்டுக் கெடும். பாயில் பிள்ளைகளுக்கு எளிய மெட்டைக் கொடுத்துவிட்டு, அந்தச் சுதந்திரத்தைத் தம் பியானோவுக்கே வைத்துக்கொண்டார். இரண்டையும் ஒரே மேடையில் மோதவிட்டால் என்ன என்பதுதான் நம் கேள்வி.

அமெரிக்கக் கறுப்பினத்தவரான டியூக் எலிங்டன் அதற்குத் துணிந்தார். 1965-இல் சான் பிரான்சிஸ்கோவின் கிரேஸ் தேவாலயத்தில், பாடகர் குழுவோடு தம் ஜாஸ் கோஷ்டியையும் நிறுத்திக் கடவுளைப் பாடுவித்தார். மறுவருஷம் வாஷிங்டனில் பாப்டிஸ்டு போதகர்கள், இது உலகியல் சங்கீதம் என்று ஆதரவு மறுத்தனர். அவர்களை நாம் நகைக்கலாமா? பறையைச் சாவு வீட்டுக்கென்று ஒதுக்கியவர் நாமன்றோ! எலிங்டன் பின்வாங்கவில்லை, 1968-இலும் 1973-இலும் அவ்வகைக் கச்சேரிகளைப் புதிதாக இயற்றினார்.

பாயிலின் பாட்டையும் பினாங்கிலே அவ்வாறு ஒருமுறை வைத்துப் பார்க்கலாம்: பிள்ளைகள் ஓர் அடி, பியானோ ஓர் அடி.