வாய் திறந்த பிறகு: நான்கு நாவல்களும் எங்கட பிள்ளைகளும்

இந்த முறை நோன்பு விடுமுறையில் நான்கு ஆங்கில நாவல்களை வாசித்து முடித்தேன். "நோன்பு மாசத்தில நாவலா?" என்று கேட்பவர்கள் இருப்பார்கள். ஓதல் வேறு, வாசிப்பு வேறு. ஒன்றின் நேரத்தை மற்றது பறிக்காவிட்டால் சரி. பத்தாம், பதினோராம் தரத்துப் பிள்ளைகள் இப்போது போனிலேயே கதை வாசிக்கிறார்கள். அவர்கள் என்ன வாசிக்கிறார்கள் என்று தெரியாமல் 'இந்தக் காலத்துப் பிள்ளைகள் வாசிப்பதில்லை' என்று கூட்டங்களில் பேசிக்கொண்டிருப்பது ஆசிரியர்களாகிய எமக்கு அழகல்ல.

நான் வாசித்தவற்றில் மூன்று, ஆங்கிலத்தில் 'யங் அடல்ட்' என்று சொல்லப்படும் இளையோர் நாவல்கள். நான்காவது பெரியவர்களுக்கான சமகால நாவல். இளையோர் நாவலின் வரலாற்றைப் பேசுவோர் 1967இல் வெளிவந்த எஸ். ஈ. ஹின்டனின் 'த அவுட்சைடர்ஸ்' நாவலிலிருந்து தொடங்குவது வழக்கம். அதை எழுதத் தொடங்கியபோது அவரே பாடசாலை மாணவி. பிள்ளைகளுக்குப் பெரியவர்கள் புத்தி சொல்லும் கதை என்ற நிலை மாறி, பதினைந்து பதினாறு வயதுப் பிள்ளை தன் வாயாலேயே தன் கதையைச் சொல்வது இந்த வகையின் அடையாளமாயிற்று. எனவே இந்நாவல்கள் பெரும்பாலும் அந்தப் பிள்ளை வாய் திறந்து பேசும் கட்டத்தை நோக்கியே நகர்கின்றன. வாய் திறந்த பிறகு என்ன நடக்கிறது என்ற கேள்வியோடுதான் நான் இவற்றை வாசித்தேன்.

முதலாவது, ரன்டா அப்தெல் ஃபத்தாஹ் எழுதிய 'டஸ் மை ஹெட் லுக் பிக் இன் திஸ்?' (2005). மெல்பேர்னில் வாழும் பலஸ்தீன வம்சாவளிப் பெண்பிள்ளை அமல், பதினாறு வயதில், முழுநேரமும் ஹிஜாப் அணிவதென்று தானாகவே முடிவெடுக்கிறாள். உம்மாவும் வாப்பாவும்தான் முதலில் தயங்குகிறார்கள். பிள்ளையைக் கட்டாயப்படுத்தும் பெற்றோர் என்ற வழமையான படத்தை இந்த ஓர் இடமே கலைத்துவிடுகிறது. 2002 பாலி குண்டுவெடிப்பின் பின்னர் பாடசாலையில் பயங்கரவாதம் பற்றிப் பேசும்படி அமலிடம் கேட்கிறார்கள். யாரோ செய்த குற்றத்துக்கு நான் ஏன் விளக்கம் சொல்ல வேண்டும் என்பதே அவளுடைய நிலைப்பாடு. 2019 ஏப்ரலுக்குப் பிறகு அலுவலகத்திலும் பஸ்ஸிலும் சந்தையிலும் இதே கேள்விக்கு முகம் கொடுத்த எமக்கு இந்தப் பகுதியை விளக்கத் தேவையில்லை.

நாவலின் குறை, அமல் அடிக்கடி விரிவுரை செய்வது. மார்க்கம் வேறு, ஊர் வழக்கம் வேறு என்பதை லைலாவின் கதையே காட்டிவிடுகிறது. படிப்பில் கெட்டிக்காரியான அந்தத் துருக்கியத் தோழிக்கு அவசரமாகக் கலியாணம் பேசும் தாய், ஊர் சுற்றும் மகனை ஒன்றும் கேட்பதில்லை. இதற்குப் பிறகும் அமல் அதை எமக்கு வாயால் சொல்லித் தருவது தேவையில்லாதது. மாறாக, பக்கத்து வீட்டுக் கிரேக்கக் கிழவி மிஸிஸ் வசெலி வரும் பகுதிகள் மிக நன்றாக வந்திருக்கின்றன. மதம் மாறிய மகனோடு பேச்சை நிறுத்திவிட்ட அந்தத் தாயிடம் அமல் மெல்ல மெல்ல நெருங்குகிறாள். முஸ்லிம் பிள்ளை தன்னைப் பற்றி விளக்கிக்கொண்டே இராமல், இன்னொருவரின் துக்கத்துக்குக் காது கொடுக்கும் இடம் இது.

இரண்டாவது, அமெரிக்கக் கறுப்பின எழுத்தாளர் ஏஞ்சி தோமஸின் 'த ஹேட் யூ கிவ்' (2017). ஸ்டாருக்கும் பதினாறு வயது. அவளுடைய சின்ன வயசுத் தோழன் கலீலை, வாகனத்தை மறித்த பொலிஸ்காரர் அவள் கண்முன்னே சுட்டுக் கொல்கிறார். துப்பாக்கி என்று அவர் நினைத்தது ஒரு தலைவாரும் பிரஷ். கண்ணால் கண்ட ஒரே சாட்சி ஸ்டார். அவள் வாழ்வது வறிய கறுப்பினக் குடியிருப்பில். படிப்பது வெள்ளையர் நிறைந்த தனியார் பாடசாலையில். இங்கே ஒரு பேச்சு, அங்கே ஒரு பேச்சு. வீட்டில் ஒரு தமிழும் நேர்முகப் பரீட்சையில் இன்னொரு தமிழும் பேசப் பழகிய எங்கட பிள்ளைகளுக்கு இந்த இரட்டை வாழ்க்கை நன்றாக விளங்கும்.

ஸ்டார் சாட்சி சொல்கிறாள். ஆனாலும் அந்தப் பொலிஸ்காரர் மீது வழக்குத் தொடர ஜூரிகள் இணங்கவில்லை. கடைசியில் அவள் வீதியில் இறங்கி, ஒலிபெருக்கியைக் கையில் எடுத்துப் பேசுகிறாள். அவளுடைய வாப்பாவின் கடை தீக்கிரையாகிறது. உண்மை பேசினால் நீதி கிடைத்துவிடும் என்று பிள்ளைகளுக்குப் பொய் சொல்லாதது இந்நாவலின் பலம். இதில் கெட்ட வார்த்தைகள் தாராளமாக உண்டு என்பதையும் சொல்லத்தான் வேண்டும். அதற்காக ஒளித்து வைப்பதை விட, பிள்ளையோடு உட்கார்ந்து கதைத்து வாசிப்பதே நல்லது என்பது என் அபிப்பிராயம்.

மூன்றாவது, டொரன்டோவைச் சேர்ந்த எஸ். கே. அலியின் 'செயின்ட்ஸ் அன்ட் மிஸ்ஃபிட்ஸ்' (2017). என்னை அதிகம் உலுக்கியது இதுதான். பதினைந்து வயது ஜன்னாவிடம் முறைகேடாக நடக்க முயல்பவன், குர்ஆனை மனனம் செய்தவன். பள்ளிவாசலில் எல்லோருடைய பாராட்டையும் பெற்றவன். அவளுடைய நெருங்கிய தோழியின் உறவுக்காரன். சொன்னால் யார் நம்புவார்கள்? ஜன்னாவின் மாமா இமாம். மார்க்கக் கேள்விகளுக்கு அவர் எழுதும் பதில்களைத் திருத்திக் கொடுப்பவளும் ஜன்னாதான். அத்தனை பேருடைய கேள்விக்கும் பதில் இருக்கிற இடத்தில் தன் கேள்வியை மட்டும் அவளால் கேட்க முடியவில்லை. நாவலின் வலியெல்லாம் இந்த ஒரு நிலைமையிலேயே இருக்கிறது. அவளுக்குத் தைரியம் கொடுத்துத் துணை நிற்பவள் நிகாப் அணிந்த சவ்ஸன் என்பதும் கவனிக்கத்தக்கது. முகம் மூடிய பெண்ணுக்கு வாயும் இல்லை என்று நினைப்பவர்களுக்கு இந்தப் பாத்திரமே பதில்.

என்றாலும் ஒரு விமர்சனம் உண்டு. ஜன்னா மனிதர்களைப் புனிதர்கள், ஒட்டாதவர்கள், அரக்கர்கள் என்று பிரிக்கிறாள். புனிதர் என்று நினைத்தவர்களும் குறையுள்ள மனிதர்கள் என்று போகப் போக விளங்கிக்கொள்கிறாள். ஆனால் குற்றம் செய்தவன் கடைசி வரை அரக்கனாகவே நிற்கிறான். பாதிக்கப்பட்ட பிள்ளை அப்படிப் பார்ப்பது நியாயம். நாவலாசிரியர் அதற்கு அப்பாலும் பார்த்திருக்கலாம். அவன் அரக்கன் மாதிரித் தெரிந்திருந்தால் எல்லோரும் விலகியிருப்பார்களே. நாலு பேருக்கு நல்லவனாகத் தெரிவதால்தானே பிள்ளையின் வாய் அடைபடுகிறது. குர்ஆனைச் சுமந்த நெஞ்சுக்கு மரியாதை உண்டு. அந்த மரியாதை ஓர் அமானிதம். குற்றத்தை மூடும் போர்வையல்ல. இதை எழுதினால் சமூகத்தின் மானம் போகும் என்பவர்களிடம் நான் கேட்பது ஒன்றுதான்: பிள்ளையின் மானம் சமூகத்தின் மானத்தில் சேராதா?

நான்காவது, பாகிஸ்தானியப் பிரித்தானிய எழுத்தாளர் கமிலா ஷம்ஸியின் 'ஹோம் ஃபயர்' (2017). பழைய கிரேக்க நாடகமான அன்ரிகனியை இன்றைய லண்டனுக்குக் கொண்டு வந்த நாவல் இது. உம்மாவும் வாப்பாவும் இல்லாத மூன்று பிள்ளைகள்: மூத்தவள் இஸ்மா, இரட்டையர் அனீகாவும் பர்வேஸும். பத்தொன்பது வயது பர்வேஸை, அவன் காணாத தகப்பனின் கதையைச் சொல்லியே ஒருவன் மயக்கி, சிரியாவுக்கு அனுப்பிவிடுகிறான். தப்பி வர முயன்று அவன் கொல்லப்படுகிறான். ஜனாஸாவைத் தாய்நாட்டில் அடக்கவும் பிரித்தானிய அரசு விடுவதில்லை. அனீகா கராச்சிப் பூங்காவொன்றில் தம்பியின் உடலோடு அமர்ந்து உலகத்தைப் பார்த்துப் பேசுகிறாள். முடிவு நெருப்பில்தான்.

ஜன்னாவுக்குத் தீங்கு செய்தவனுக்கும் பர்வேஸை வழிகெடுத்தவனுக்கும் பெயர் ஃபாரூக். ஒரே ஆண்டில் வந்த இரு நாவல்கள். சத்தியத்தையும் அசத்தியத்தையும் பிரித்தறிபவர் என்று பொருள்படும் அதே பெயர். தற்செயலாகவே இருக்கலாம். ஆனாலும் பெயரையும் தோற்றத்தையும் வைத்து ஆளை அளக்காதே என்று இரண்டும் ஒரே குரலில் சொல்வது போலத்தான் எனக்குப் பட்டது.

இந்நாவலில் என்னை விடாமல் பிடித்துக்கொண்டது இஸ்மாதான். தம்பி போன விஷயத்தைப் பொலிஸுக்குச் சொன்னவள் அவள். அது துரோகம் என்கிறாள் தங்கை. மீதி இருப்பவர்களைக் காப்பாற்ற வேறு வழியில்லை என்பது அக்காவின் நியாயம். 2019க்கு முன்னரே எங்கட சமூகத்துக்குள்ளிருந்து எச்சரிக்கைகளும் முறைப்பாடுகளும் போயின. கேட்க வேண்டியவர்கள் கேட்கவில்லை. பழி மட்டும் எல்லோர் தலையிலும் விழுந்தது. சொன்ன இஸ்மாக்களின் மனநிலையை எங்கட பக்கத்தில் யார் நாவலாக எழுதினார்கள்?

நான்கையும் சேர்த்துப் பார்த்தால் ஒன்று தெளிவாகிறது. இளையோர் நாவல்கள் மூன்றும், பேசுவதே விடுதலையின் தொடக்கம் என்று நம்புகின்றன. ஷம்ஸி அந்த நம்பிக்கையைச் சோதிக்கிறார்: பேசியவளுக்குக் கேட்கிற காது இல்லாவிட்டால்? பிள்ளைகளுக்கு முதல் மூன்றும் தேவை. நான்காவது தேவைப்படுவது, பிள்ளைகளை விட, காது கொடுக்க வேண்டிய இடத்தில் இருக்கும் எமக்கு. பெற்றோருக்கு, ஆசிரியருக்கு, பள்ளி நிர்வாகத்தாருக்கு. அமலைப் பத்தாம் தரத்துப் பிள்ளையின் கையில் தைரியமாகக் கொடுக்கலாம். ஸ்டாரைக் கூட இருந்து வாசிக்கலாம். ஜன்னாவின் கதையை முதலில் உம்மாமாரும் வாப்பாமாரும் வாசிக்கட்டும். 'ஹோம் ஃபயர்' உயர்தரம் முடித்த பிள்ளைகளுக்குரியது.

இலங்கையின் முதல் தமிழ் நாவலைத் தந்தவர் அறிஞர் சித்திலெப்பை. 1885இல் வந்த அந்த 'அசன்பே சரித்திரம்', சிறு வயதில் வீட்டைப் பிரிந்த பிள்ளை ஆளாகும் கதை. இளையோரை நடுவில் வைத்துத் தொடங்கிய எமது நாவல் மரபில், பதினைந்து வயதுப் பெண்பிள்ளை எங்கட பேச்சிலேயே, தன் வாயாலேயே தன் கதையைச் சொல்லும் நாவல் இன்னும் நிறைய வரவேண்டும். மெல்பேர்னையும் டொரன்டோவையும் வாசித்து எங்கட பிள்ளைகள் தங்களைத் தேடிக்கொள்ளட்டும், நல்லதுதான். அக்கரைப்பற்றிலும் அக்குறணையிலும் புத்தளத்திலும் இருக்கும் ஜன்னாக்களின் கதையை எழுத வேண்டியவர்கள் நாங்கள்.