துண்டுகளாகக் கட்டப்படும் நீர்மூழ்கி

அமெரிக்கக் கடற்படையின் வர்ஜீனியா வகைத் தாக்குதல் நீர்மூழ்கிகள் இரண்டு தளங்களில் பங்குபோட்டுக் கட்டப்படுகின்றன. முகப்பு, வால், மேற்கோபுரம் ஆகியவை நியூபோர்ட் நியூஸ் தளத்தின் பொறுப்பு. இயந்திர அறையும் கட்டுப்பாட்டு அறையும் குரோட்டனில் உள்ள எலெக்ட்ரிக் போட் நிறுவனத்தின் பொறுப்பு. அணுவுலைப் பகுதியையும் இறுதி இணைப்பையும் இருவரும் மாறிமாறிச் செய்கிறார்கள். முடிந்த உடற்பகுதிகளான உருளைகள் மிதவைக் கலமேறிக் கடல்வழியே பயணப்படுகின்றன.

பனிப்போர் முடிந்ததும் 29 கட்டத் திட்டமிட்டிருந்த சீவுல்ஃப் வகை நீர்மூழ்கி மூன்றோடு நின்றது. அணுநீர்மூழ்கி கட்டத் தெரிந்த தளங்களோ இரண்டுதான். ஒன்றுக்கு மட்டும் வேலை கொடுத்தால் மற்றதன் கைத்திறன் கலைந்துவிடும். 1997இல் ஏற்பட்ட கூட்டு ஒப்பந்தம் இரண்டையும் காப்பாற்றியது. அது சரியான முடிவு.

தொழில்நுட்ப ஆதாயமும் பெரிது. பட்டறையில் ஒரு மணி நேரத்தில் முடியும் வேலை, திறந்த உருளைக்குள் மூன்று மணி நேரமும் மூடிய கப்பலுக்குள் எட்டு மணி நேரமும் பிடிக்கும் என்பது கப்பல் கட்டுவோரின் கணக்கு. அதனால்தான் குழாய், கம்பி, அறைத்தளம் எல்லாம் உருளையின் வாய் திறந்திருக்கும்போதே உள்ளே ஏற்றப்படுகின்றன.

குறை எங்கே? ஓர் உருளை தாமதித்தால் மற்ற எல்லாம் காத்துக்கிடக்கின்றன. 2011 முதல் பெரும்பாலும் ஆண்டுக்கு இரண்டு கப்பல்கள் வாங்கப்பட்டாலும், 2022 முதல் கட்டும் வேகம் ஆண்டுக்கு ஏறத்தாழ 1.2 கப்பல்தான். உறுப்புகள் தரும் சிறு ஆலைகளுக்கும் மாற்று இல்லை. அப்படி நீர்மூழ்கி உறுப்புகள் தந்த டகோமா நகர வார்ப்பாலை ஒன்றில் 1985 முதல் 2017 வரை சோதனை முடிவுகள் திருத்தி எழுதப்பட்டன. காடி வெட்டிய உலோகத் துண்டை மைனஸ் 73 டிகிரி செல்சியஸ் வரை குளிர்வித்து, ஊசல் சம்மட்டியால் முறித்துப் பார்க்கும் சோதனையும் அவற்றில் ஒன்று. 240க்கு மேற்பட்ட வார்ப்புகள் பொய்யான எண்களோடு வெளியேறின. 1963இல் திரெஷர் நீர்மூழ்கி 129 பேரோடு மூழ்கிய பிறகு உருவான சப்சேஃப் நெறி ஒவ்வோர் இணைப்புக்கும் எழுத்துச் சான்று கேட்கிறது. சான்றே பொய்யானால் அந்த நெறியின் அடித்தளம் ஆட்டம் காண்கிறது.

சேவைக் காலத்தின் இக்கட்டு வேறு. வர்ஜீனியா வகையின் அணுவுலைக்கு 33 ஆண்டு ஆயுள் முழுக்க எரிபொருள் மாற்ற வேண்டியதில்லை. கப்பலைக் கரைக்கு இழுப்பது உணவு தீர்ந்துபோவதுதான். ஆனால் அடைப்பிதழ்களுக்கும் வால்வுகளுக்கும் குழாய்களுக்கும் அந்த ஆயுள் கிடையாது. அவற்றைச் செப்பனிட உலர்துறையும் தேர்ந்த ஆட்களும் வேண்டும். புதுக் கப்பல் கட்டவும் அதே பற்றவைப்பாளர்கள்தான் தேவை. லாஸ் ஏஞ்சலஸ் வகையைச் சேர்ந்த பாய்சி 2015இல் பணி முடித்துத் திரும்பியது. உலர்துறையில் இடம் கிடைக்காமல் காத்திருக்கையிலேயே 2017இல் மூழ்கும் தகுதியை இழந்தது. அதன் முழுச் சீரமைப்புக்கு ஒப்பந்தம் கையெழுத்தானது 2024இல்.