நெட்ஃபிளிக்ஸ் ஆட்டோபிளே: அணைக்க வேண்டிய இரண்டு சுவிட்சுகள்

நெட்ஃபிளிக்ஸில் ஆட்டோபிளே என்று பொதுவாகச் சொல்லப்படுவது உண்மையில் இரண்டு வசதிகள். ஒரு அத்தியாயம் முடிந்ததும் அடுத்தது தானாகத் தொடங்குவது ஒன்று. இது 2012 முதல் இருக்கிறது. எதைப் பார்க்கலாம் என்று தேடும்போது, ஒரு படத்தின் மேல் சற்று நின்றாலே அதன் முன்னோட்டம் சத்தத்தோடு ஓடுவது மற்றொன்று. இந்த இரண்டாவதை அணைக்கும் வழி, பயனர்கள் நெடுநாள் புலம்பிய பிறகு, 2020 பிப்ரவரியில்தான் கிடைத்தது. இரண்டையும் அணைத்துவிட்டால் பார்வையாளருக்கு எதுவும் குறைகிறதா என்பதுதான் இந்த விமர்சனத்தின் கேள்வி. குறைவது மிகச் சொற்பம். அணைப்பதற்கு நெட்ஃபிளிக்ஸ் வைத்திருக்கும் ஏற்பாட்டில்தான் குறை இருக்கிறது.

அணைப்பது கடினமில்லை. பிரவுசரில் உள்நுழைந்து ப்ரொஃபைல் அமைப்புகளுக்குப் போனால், பிளேபேக் பகுதியில் இரண்டு டிக் பெட்டிகள் இருக்கும். ஒன்று அடுத்த அத்தியாயத்துக்கு, மற்றது முன்னோட்டத்துக்கு. டிக்கை எடுத்துவிட்டு சேமித்தால் அந்த ப்ரொஃபைலை எந்தக் கருவியில் திறந்தாலும் மாற்றம் பொருந்தும். உடனே பலன் தெரியாவிட்டால், வேறொரு ப்ரொஃபைலுக்குப் போய்த் திரும்பி வந்தால் போதும். ஆனால் ஒரு வீட்டில் நான்கு ப்ரொஃபைல் இருந்தால் இதே வேலையை நான்கு முறை செய்ய வேண்டும். அதன் பிறகு அத்தியாயம் முடிந்தால் அடுத்ததற்கான பொத்தான் மட்டும் காத்திருக்கும். முகப்புப் பக்கத்தில் படமும் இரண்டு வரிக் கதைச் சுருக்கமும் சத்தமின்றி நிற்கும். முன்னோட்டம் வேண்டுமென்றால் அந்தப் படத்தின் பக்கத்துக்குப் போய் ஓட்டிக்கொள்ளலாம். எந்த வசதியும் பறிபோகவில்லை. எல்லாம் கேட்டால் வருகிறது.

இந்தக் 'கேட்டால்' என்பதில்தான் விஷயமே இருக்கிறது. மௌனம் சம்மதம் என்பார்கள். ஆட்டோபிளே அதை அப்படியே வணிக விதியாக்கியிருக்கிறது. சில வினாடிகளுக்குள் மறுப்புச் சொல்லாதவர் தொடர விரும்புகிறார் என்று எடுத்துக்கொள்கிறது. அவர் தூங்கியிருக்கலாம், அடுப்பைப் பார்க்க எழுந்து போயிருக்கலாம், ரிமோட் கைக்கு எட்டாமல் இருக்கலாம். அணைத்த பிறகு கணக்கு தலைகீழாகிறது: பதில் சொல்லாதவருக்கு எதுவும் ஓடாது. பார்வையாளரின் நேரம் எப்படிப் பார்க்கப்படுகிறது என்பதை நிறுவனமே மறைக்கவில்லை. தங்கள் போட்டியாளர் தூக்கம்தான் என்று அதன் அன்றைய தலைமை நிர்வாகி ரீட் ஹேஸ்டிங்ஸ் 2017-இல் வெளிப்படையாகவே சொன்னார். அத்தகைய போட்டியில் அத்தியாய முடிவு என்ற இயல்பான இடைவெளி ஒரு தடங்கல், பார்வையாளருக்கோ 'போதுமா?' என்று நினைத்துப் பார்க்கக் கிடைக்கும் ஒரே இடம் அதுதான்.

'வேண்டாமென்றால் நிறுத்திக்கொள்ளலாமே, சுயக்கட்டுப்பாடு இல்லாததற்கு மென்பொருள் என்ன செய்யும்?' என்று கேட்கலாம். அமெரிக்க நெட்ஃபிளிக்ஸ் பயனர்களை வைத்து சிகாகோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் நடத்திய சோதனையில், ஆட்டோபிளேயை அணைத்தவர்கள் பார்க்கும் நேரம் குறைந்தது. மன உறுதி ஒரு டிக் பெட்டியால் கூடிவிடாது, மாறியது சூழல்தான். 'இன்னும் பார்க்கிறீர்களா?' என்று நெட்ஃபிளிக்ஸ் கேட்கிறதே என்பது அடுத்த வாதம். கேட்கிறதுதான், ஆனால் எந்தப் பொத்தானையும் தொடாமல் மூன்று அத்தியாயமோ 90 நிமிடமோ போன பிறகு. எச்டி தரத்தில் மணிக்கு 3 ஜிபி வரை செலவாகும் என்பது நிறுவனமே தரும் கணக்கு. அப்படியானால் தூங்கிப்போனவர் முன்னால் 4.5 ஜிபி வரை கரைந்த பிறகுதான் கேள்வி வரும். ஹாட்ஸ்பாட்டில் டிவி பார்க்கிறவருக்கு அன்றைய டேட்டாவே முடிந்திருக்கும். வலுவான ஆட்சேபம் வேறொன்று: கை நடுங்கும் முதியவருக்கும், ரிமோட்டைக் கையாள முடியாதவருக்கும் தானாக ஓடுவது பெரிய உதவி. இதை மறுக்க முடியாது. ஆனால் அமைப்பு ப்ரொஃபைலுக்கு ஒன்றாக இருப்பதால் தாத்தாவின் ப்ரொஃபைலில் மட்டும் அடுத்த அத்தியாய வசதியை விட்டுவைக்கலாம். முன்னோட்டத்துக்கு இந்த நியாயமும் பொருந்தாது. படிக்க முயலும்போது சத்தமும் அசைவும் குறுக்கே வருவது யாருக்கும் உதவியில்லை; பார்க்காத கதையின் திருப்பம் முன்னோட்டத்திலேயே உடைந்துபோவது அதற்கு மேல்.

யூடியூப் இந்த விஷயத்தில் ஓரளவு மேல். அங்கே ஆட்டோபிளே சுவிட்ச் வீடியோ ஓடும் திரையிலேயே கண்ணில் படுகிறது. 13 முதல் 17 வயதுள்ளவர்களின் கணக்குகளில் 2021 முதல் அது அணைந்த நிலையிலேயே தொடங்குகிறது. பதின்வயதினருக்கு எது நல்ல தொடக்கநிலை என்று தெரிந்திருப்பவர்களுக்குப் பெரியவர்களுக்கும் அதையே தர என்ன தடை என்ற கேள்வி அங்கும் மிஞ்சுகிறது. நெட்ஃபிளிக்ஸோ சுவிட்சை அமைப்புகளுக்குள் ஒதுக்கி, இரண்டையும் எரியவிட்டே கையில் தருகிறது. வசதிக்குத் தாராளமாக மதிப்பெண் தரலாம். அதை வைத்த இடத்துக்கும் தொடக்கநிலைக்கும் தர முடியாது. எனவே முன்னோட்டத்தை வீட்டிலுள்ள எல்லா ப்ரொஃபைலிலும் அணைத்துவிடுங்கள். அடுத்த அத்தியாயத்தை, உண்மையிலேயே தேவைப்படுகிறவரைத் தவிர மற்ற எல்லோருக்கும் அணையுங்கள். குழந்தைகளின் ப்ரொஃபைலில் இருந்து தொடங்குங்கள்.