ஓடாத மோட்டாரில் ஒரு காத்தாடி

"ஏனுங்க தம்பி, இது ஓடாத மோட்டாருங்க" என்றார் காயலாங்கடைக்காரர்.

"ஓட வேண்டாங்கண்ணா, நான் ஓட்டிக்கிறேன்" என்றேன்.

டிரெட்மில்லில் இருந்து கழற்றிய டி.சி. மோட்டார் அது. ஷாஃப்டை விரலால் சுழற்றினால் லேசாகச் சுற்றியது. இரண்டு வயர் முனைகளையும் சேர்த்து முறுக்கிவிட்டுச் சுழற்றினேன், சட்டென்று இறுகியது. காந்தமும் காயிலும் உயிரோடு இருக்கின்றன. தராசில் வைத்து 900 ரூபாய் வாங்கிக்கொண்டார்.

உடுமலைப் பக்கம் பாலக்காட்டுக் கணவாய்க் காற்றுக்குப் பஞ்சமில்லை. பழைய சாமான்களில் ஒரு காத்தாடி கட்டி வைகாசி முதல் ஆவணி வரை ஓட்டிப் பார்த்தேன்.

மோட்டார்: எத்தனை வாட் என்று பார்ப்பதைவிட, ஒரு வோல்ட்டுக்கு எத்தனை சுற்று என்று பாருங்கள். என் மோட்டாரின் லேபிளில் 180 வோல்ட், 4,000 சுற்று என்று இருந்தது. அதாவது வோல்ட்டுக்கு 22 சுற்று. 12 வோல்ட் பேட்டரி சார்ஜ் ஏற நிமிடத்துக்கு 300 சுற்று போதும். கார் ஆல்டர்னேட்டர் மலிவுதான். ஆனால் ஆயிரம் சுற்றுக்கு மேல் போனால்தான் வாய் திறக்கும், காந்தப்புலத்துக்கும் பேட்டரியிடமே கரண்ட் கேட்கும். மலாவியில் வில்லியம் காம்க்வாம்பா சிறுவனாக இருந்தபோது கட்டிய காற்றாலையில் சைக்கிள் சக்கரம் டைனமோவைச் சுழற்றியது. பெரிய சக்கரம் ஒரு சுற்றுச் சுற்றுவதற்குள் சின்ன டைனமோ பல சுற்றுகள் சுற்றிவிடும். சுற்று போதாத சிக்கலை அவர் அப்படித் தீர்த்துக்கொண்டார்.

இறக்கை: 6 அங்குல பி.வி.சி. பைப்பை நெடுக்காகப் பிளந்து, 75 செ.மீ. நீளத்தில் மூன்று. பைப்பின் வளைவே இறக்கைக்கு வேண்டிய வளைவைத் தந்துவிடுகிறது. மூன்றும் ஒரே எடையில் இருக்க வேண்டும். சமையலறைத் தராசில் வைத்து அரத்தால் ராவி ராவிச் சரிசெய்தேன். பெயின்ட் அடிக்காவிட்டால் வெயிலில் பைப் நொறுங்கிப்போகும்.

கம்பம்: பழைய போர் பைப், நான்கு பக்கமும் ஸ்டே கம்பி. மொட்டை மாடியில் நிறுத்தியது என் முதல் தப்பு. சுவர் வழியாக அதிர்வு இறங்கி வீடே முனகியது. தென்னைகளைத் தாண்டி வெட்டவெளிக்கு மாற்றிய பிறகுதான் காற்று சீராகக் கிடைத்தது.

விளைச்சல்: காற்று வினாடிக்கு 4 மீட்டர் என்றால் சுற்றும், சார்ஜ் ஏறாது. 5 மீட்டரில் அம்மீட்டர் முள் அசையும். 7 மீட்டரில் சுமார் 4 ஆம்பியர், 50 வாட். காற்றின் வேகம் இரண்டு மடங்கானால் அதன் ஆற்றல் எட்டு மடங்காகும். லாபமும் அதில்தான், ஆபத்தும் அதில்தான்.

ஆனி மாத இரவொன்றில் பேட்டரி வயர் கழன்றுவிட்டது. சுமை போனதும் காத்தாடி வெறிபிடித்துச் சுற்றியது. ஒரு இறக்கை பிய்ந்துபோய் வாழைத்தோப்பில் விழுந்தது. அந்த வயரின் மரையை அவசரத்தில் முடுக்கியது நான்தான். சோலார் கன்ட்ரோலரை இதில் மாட்டினாலும் இதே கதைதான்: பேட்டரி நிறைந்ததும் அது இணைப்பைத் துண்டித்துவிடும். மிஞ்சும் மின்சாரத்தை வேறு சுமைக்குத் திருப்பிவிடும் கன்ட்ரோலர்தான் காத்தாடிக்குச் சரி. அதையும் ஃபியூஸ், டயோடு, ஸ்டே கம்பி, போல்ட் ஆகியவற்றையும் புதிதாகவே வாங்குங்கள். டயோடு இல்லாவிட்டால் காற்றில்லாத நேரத்தில் பேட்டரி மோட்டாரை ஃபேனாக ஓட்டித் தீர்த்துவிடும்.

நிறை: மழைக்கால ராத்திரியிலும் சார்ஜ் ஏறும். எல்லாவற்றையும் நாமே பழுது பார்க்கலாம்.

குறை: கார்பன் பிரஷ் தேயும், மோட்டாருக்கு மழை மூடி கட்டாயம். ஐப்பசிக்குப் பிறகு பெரும்பாலும் சும்மா நிற்கும்.

செலவு: பேட்டரி நீங்கலாக 6,200 ரூபாய். இந்தப் பணத்துக்கு 100 வாட் சோலார் பேனலே கிடைக்கும். மின்சாரம் மட்டும் வேண்டுமென்றால் அதை வாங்குங்கள். காற்றோடு பழக வேண்டுமென்றால் இதைக் கட்டுங்கள்.

மதிப்பெண்: 10-க்கு 6.

இப்போது கம்பத்தடியில் ஒரு ஸ்விட்ச் வைத்திருக்கிறேன். டயோடுக்கு முன்னால் மோட்டாரின் இரண்டு வயர்களையும் ஒன்றுசேர்ப்பதுதான் அதன் வேலை. காயலாங்கடையில் விரலுக்குள் இறுகிய அதே இறுக்கம்தான் எனக்கு பிரேக். காற்று முற்றுவதற்குள் போட்டுவிட வேண்டும். தலைதெறிக்கச் சுற்றும்போது போட்டால் காயில் கருகிவிடும். மேற்கே இருட்டிக்கொண்டு வந்தால் மாட்டை அவிழ்த்துக் கொட்டகையில் கட்டுவதற்கு முன் அதைத்தான் போடுகிறேன்.