எழுத்தே தோட்டா

ஜப்பானின் சேகா நிறுவனம் 1999-ல் ஆர்கேடுகளுக்குக் கொண்டுவந்த ‘தி டைப்பிங் ஆஃப் தி டெட்’ எனக்கு அலுக்கவே அலுக்காத விளையாட்டு. முந்தைய ஆண்டு வந்த ‘தி ஹவுஸ் ஆஃப் தி டெட் 2’-வின் அதே ஊர், அதே ஜோம்பிகள். துப்பாக்கிக்குப் பதில் கீபோர்டு.

ஜோம்பி வரும்போது கூடவே ஒரு சொல்லும் திரையில் வரும். முதல் எழுத்தைத் தட்டியதும் அது உங்கள் குறிக்குள் வந்துவிடும். பிறகு எழுத்துக்கு எழுத்து குண்டு பாயும். தப்பாகத் தட்டினால் சொல் அப்படியே நிற்கும், ஜோம்பி நிற்காது. சில ஜோம்பிகள் கோடரி வீசும். பறந்துவரும் கோடரிக்கு ஒற்றை எழுத்துதான். ஆனால் அது எங்கே இருக்கிறது என்று கீழே குனிந்து தேடினால் அடி விழுந்துவிடும். விசைகளைப் பார்க்காமல் அடிக்க வேண்டும் என்று டைப்ரைட்டிங் வகுப்பில் மாதக்கணக்கில் சொல்வதை இங்கே பயம் சொல்லித் தருகிறது. பெரிய அரக்கர்கள் வந்தாலோ நீண்ட வாக்கியங்கள். அங்கே வேகத்தைவிடப் பதறாத விரல்தான் காப்பாற்றும்.

முதுகில் சேகாவின் ட்ரீம்காஸ்ட் வீடியோகேம் கருவியைக் கட்டி, முன்னால் கீபோர்டைத் தொங்கவிட்டுக்கொண்டு நாயகர்கள் ஓடிவரும் காட்சியை வடிவமைத்தவர்களைக் கையெடுத்துக் கும்பிடலாம். அவ்வளவு துணிச்சலான கற்பனை!

வீட்டில் விளையாட ட்ரீம்காஸ்ட், கணினிப் பதிப்புகளும் வந்தன. பிள்ளை கொஞ்சம் வளர்ந்தவனாக, ரத்தத்துக்குப் பயப்படாதவனாக இருந்தால், டைப்பிங் பழக இதைக் கொடுத்துப் பாருங்கள்.