பழியும் பாத்திரமும்: 1934 பீகார் நிலநடுக்கம் குறித்த காந்தி - தாகூர் கருத்தாடலை மணிமேகலை வழி நோக்கல்

முன்னுரை

பேரிடர் நிகழ்ந்தவுடன் மக்களிடையே இருவகை எதிர்வினைகள் எழுகின்றன. ஒன்று, 'இது ஏன் நிகழ்ந்தது?' என்னும் வினா. மற்றொன்று, 'இதற்கு என் செய்வது?' என்னும் வினா. முன்னது காரணம் தேடுகிறது. பின்னது கை நீட்டுகிறது. இவ்விரண்டும் ஒரே துயரத்தினின்று பிறப்பவையாயினும் ஒன்றற்கொன்று துணையாகவே அமையும் என்பதற்கில்லை. காரணம் தேடும் மனம், பல வேளைகளில் பாதிக்கப்பட்டவர்மீதே பழியைச் சுமத்திவிடுகிறது. 1934ஆம் ஆண்டு பீகார் நிலநடுக்கத்தையொட்டிக் காந்தியடிகளுக்கும் இரவீந்திரநாத் தாகூருக்கும் இடையே நிகழ்ந்த கருத்தாடல் இச்சிக்கலை வெளிப்படையாகக் காட்டுகிறது. அக்கருத்தாடலை வரலாற்று நோக்கிலும் அறிவியல் நோக்கிலும் ஆராய்ந்தோர் பலர். தமிழ் இலக்கிய மரபு, குறிப்பாக இரட்டைக் காப்பியங்கள், இவ்வினாவை எவ்வாறு கையாண்டுள்ளன என்பதனோடு வைத்து அதனை நோக்குவது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

நிகழ்வும் சொல்லும்

1934 ஜனவரி 15ஆம் நாள் பிற்பகலில் பீகாரின் வடபகுதியும் நேபாளமும் பெரும் நிலநடுக்கத்திற்கு ஆளாயின. பீகாரில் மட்டும் ஏழாயிரத்துக்கு மேற்பட்டோரும் நேபாளத்தில் எண்ணாயிரத்துக்கு மேற்பட்டோரும் உயிரிழந்தனர். முங்கேர், முசாபர்பூர் முதலிய நகரங்கள் இடிபாட்டுக் குவியல்களாயின. நிலம் பிளந்து பீறிட்ட மணலும் நீரும் விளைநிலங்களை மூடின, கிணறுகள் தூர்ந்தன. இழப்பு வீடுகளோடு நிற்கவில்லை. உழவனின் நிலமும் குடிநீரும் ஒருங்கே அழிந்தன.

அப்பொழுது காந்தியடிகள் தீண்டாமை ஒழிப்புப் பயணத்தை மேற்கொண்டு தென்னிந்தியாவில் இருந்தார். நிலநடுக்கம் நிகழ்ந்த ஒன்பதாம் நாள், ஜனவரி 24 அன்று, திருநெல்வேலியில் பேசுகையில், இந்நிலநடுக்கம் நம் பாவங்களுக்காக இறைவன் அனுப்பிய தண்டனை என்று தம்மால் நம்பாதிருக்க இயலவில்லை என்னும் கருத்தை வெளியிட்டார். அப்பாவங்களுள் தலையாயதாக அவர் கருதியது தீண்டாமை. இந்தியச் சிந்தனை வரலாற்றில் பெரும் விவாதத்தை எழுப்பிய அச்சொல் முதலில் ஒலித்தது தாமிரபரணிக் கரையில் என்பது தமிழாய்வாளர் நினைவிற்கொள்ளத்தக்கது.

தாகூர் இதனை ஏற்கவில்லை. அவரது மறுப்பும் காந்தியடிகளின் விடையும் 1934 பிப்ரவரி 16ஆம் நாளிட்ட 'அரிஜன்' இதழில் வெளிவந்தன. தம்மை மறுக்கும் கட்டுரையைத் தம் இதழிலேயே காந்தியடிகள் வெளியிட்டமை போற்றத்தக்க பண்பாடாகும்.

தாகூரின் வாதம் மூன்று நிலைகளில் அமைகிறது. இயற்கை நிகழ்வுகளுக்குக் காரணம் இயற்கையிலேயே உண்டு என்பது முதல் நிலை. அறத்தையும் அண்டத்தின் இயக்கத்தையும் ஒன்றோடொன்று பிணைத்தால், குற்றமற்றவரையும் சேர்த்தழிக்கும் இறைவனைவிட மனிதனே அறத்தில் உயர்ந்தவனாகிவிடுவான் என்பது இரண்டாம் நிலை. இவ்வகை வாதம் காந்தியடிகளைவிட அவருடைய எதிரிகளுக்கே பொருந்தும் என்பது மூன்றாம் நிலை. தீண்டாமையைக் காப்போர், இது தீண்டாமையை ஒழிக்க முயன்றதனால் வந்த தெய்வ சினம் என்று கூறினும் வியப்பதற்கில்லை என்பது அவர் சுட்டியது.

காந்தியடிகளின் விடை வேறு தளத்தில் இயங்குகிறது. இறைவனின் விருப்பமின்றி எதுவும் அசையாது என்பது அவரது நம்பிக்கை. அந்நம்பிக்கை மூடநம்பிக்கையாகவே முடியினும், தம்மையும் தம்மோடு நம்புவோரையும் தூய்மை செய்துகொள்ளத் தூண்டிய அளவில் அது நன்மையே பயக்கும் என்று அவர் அமைதி கண்டார். அதாவது, ஒரு கூற்றின் மெய்ம்மையை அதன் காரணத்தால் அளவாமல் அதன் பயனால் அளக்கிறார். இவ்விடத்தில்தான் இலக்கியத் திறனாய்வுக்கு வேலை உண்டு. ஏனெனில், துன்பத்திற்குக் கதை கட்டுவதும் அக்கதையின் பயனைக் காட்டி அதனை நிலைநிறுத்துவதும் காப்பியங்கள் நெடுங்காலமாகச் செய்துவரும் பணியாகும்.

மதுரைத் தீயும் புகார்க் கடலும்

சிலப்பதிகாரமும் மணிமேகலையும் ஒவ்வொரு நகரின் அழிவைக் கூறுகின்றன. முன்னதில் மதுரை தீக்கிரையாகிறது. பின்னதில் காவிரிப்பூம்பட்டினம் கடலுள் ஆழ்கிறது. இரண்டற்கும் அறக்காரணம் கற்பிக்கப்பட்டுள்ளது. எனினும் இரண்டும் ஒரு தன்மையன அல்ல.

மதுரையை எரித்த தீ தேர்ந்தெடுத்து எரிக்கும் தீயாகும். அறவோர், பசுக்கள், பத்தினிப் பெண்டிர், மூத்தோர், குழவிகள் முதலியோரை விடுத்துத் தீத்திறத்தார் பக்கமே சேர்க எனக் கண்ணகி தீக்கடவுளை ஏவுகிறாள். குற்றத்திற்கும் தண்டனைக்கும் இடையே ஓர் அளவுகோல் இருத்தல் வேண்டும் என்னும் அற உணர்வு இவ்விலக்கில் வெளிப்படுகிறது. தெய்வ தண்டனை என்னும் கருத்தை ஏற்கும் காப்பியமும் குற்றமற்றவர் அழிவதை ஏற்கத் தயங்குகிறது.

புகாரைக் கொண்ட கடலோ அத்தகையதன்று. சோழமன்னன் பீலிவளையிடம் பிறந்த தன் மகனைக் கடலில் இழந்த துயரத்தால் இந்திர விழாவை மறந்தான். அதனால் நேர்ந்த சாபத்தால் நகர் கடலுள் மூழ்கியது என்பது மணிமேகலை கூறும் செய்தி. மறந்தவன் ஒருவன், மூழ்கியவர் பலர். அம்மறதியும் செருக்கினால் விளைந்ததன்று, மகனை இழந்த துயரத்தால் விளைந்தது. இந்த அழிவில் குழவியும் மூத்தோரும் விலக்கப்படவில்லை.

காந்தியடிகளின் விளக்கம் நிலைபெற வேண்டுமாயின் பீகாரின் நிலநடுக்கம் மதுரைத் தீயாக இருந்திருத்தல் வேண்டும். நிகழ்ந்ததோ புகார்க் கடல். தீண்டாமையைக் கடைப்பிடித்தவனும் அதனால் ஒடுக்கப்பட்டவனும் ஒரே மண்ணின்கீழ்ப் புதைந்தனர். ஒடுக்கப்பட்டவன், தான் செய்யாத பாவத்திற்குத் தண்டனை பெற்றவனாகிறான். அப்பாவத்தால் முன்னரே துன்புற்றவனும் அவனே. தாகூரின் இரண்டாம் வாதத்தின் வலிமை இதுவே.

காந்தியடிகளின் சொல்லில் ஒரு நுட்பம் உண்டென்பதையும் மறுத்தலாகாது. அவர் 'அவர்கள் பாவம்' என்னாது 'நம் பாவம்' என்றார். தொலைவில் இருந்த திருநெல்வேலி மக்களைப் பீகாரின் துயரத்திற்குப் பொறுப்பாளர் ஆக்குவது அவர் நோக்கம். 'அங்கே யாருக்கோ நேர்ந்தது' என்று கேட்டுக் கலைந்துசெல்லும் கூட்டத்தை 'நமக்கு நேர்ந்தது' என்று எண்ணச்செய்ய அவர் முயன்றார். ஆயினும் 'நாம்' என்னும் அச்சொல் குற்றத்தைப் பங்கிடுமளவுக்குத் தண்டனையைப் பங்கிடவில்லை. பாவம் நாடு முழுமைக்கும் உரியதாக, இடிபாடு பீகாருக்கும் நேபாளத்திற்குமே உரியதாயிற்று.

பழி தேடும் விளக்கம் எங்குச் சென்று முடியும் என்பதற்கும் சிலப்பதிகாரமே சான்று தருகிறது. கோவலன் கொலைக்குப் பின்னர்ப் பாண்டிய நாட்டில் மழை பொய்த்து வறுமையும் நோயும் பெருகின. கொற்கையிலிருந்த வெற்றிவேற் செழியன், பொற்கொல்லர் ஆயிரவரைப் பலியிட்டான் என்று காப்பியம் கூறுகிறது. குற்றம் செய்த பொற்கொல்லன் ஒருவன்; பலியானோர் அவன் தொழிலைச் சார்ந்தோர். பேரிடருக்கு அறக்காரணம் தேடும் மனம், அக்காரணத்தை ஒரு குழுவின் தலையில் ஏற்றுவதற்கு எடுத்துக்கொள்ளும் காலம் மிகக் குறைவு. தாகூரின் மூன்றாம் வாதம் அஞ்சியது இதனையே எனலாம்.

அமுதசுரபியின் அறம்

மணிமேகலை சாபக் கதையோடு நின்றுவிடவில்லை. அதனோடு உடன்வைத்து நோக்கத்தக்க மற்றொன்றையும் அது தருகிறது. அது அமுதசுரபி என்னும் பாத்திரம்.

ஆபுத்திரன் வரலாறு இங்கு நினையத்தக்கது. அப்பாத்திரத்தைக் கொண்டு பசித்தோரை உண்பித்த அவன், மழை பெய்து நாடு செழித்தபின் உண்பாரைக் காணாது அலைந்தான். சாவக நாட்டில் பஞ்சம் எனக் கேட்டுக் கலமேறினான். இடையில் மணிபல்லவத்தில் தனித்து விடப்பட்டபொழுது, பிறர்க்குப் பயன்படாப் பாத்திரத்தால் தான் மட்டும் உண்டு உயிர்வாழ விரும்பாது, அதனைக் கோமுகிப் பொய்கையில் இட்டு உண்ணா நோன்பிருந்து உயிர்நீத்தான். பிறர்க்கெனப் பெற்ற பொருளில் தனக்குப் பங்கில்லை என்பது அவன் செயலின் உட்பொருள்.

பின்னர் அப்பாத்திரம் மணிமேகலையின் கையை அடைகிறது. காஞ்சி மாநகர் மழையின்றி வாடியபொழுது அவள் அங்குச் சென்று உணவளிக்கிறாள். பன்மொழி பேசுவோரும், பார்வையற்றோரும், செவித்திறன் இழந்தோரும், நோயுற்றோரும் அங்குத் திரள்கின்றனர். காஞ்சியில் மழை ஏன் பொய்த்தது, எவர் செய்த பிழை அது என்று பாத்திரம் கேட்பதில்லை. புகாரின் அழிவுக்குச் சாபத்தைக் காரணமாகக் கூறும் அதே காப்பியம், உணவிடும் இடத்தில் காரண ஆராய்ச்சியை முற்றிலும் கைவிட்டுவிடுகிறது. ஒரு நூலுள்ளேயே பழியும் பாத்திரமும் உடனிருக்கின்றன. ஆனால் பழி பாத்திரத்திற்குள் இறங்குவதில்லை. சாத்தனாரின் அறநோக்கு இவ்வமைப்பில்தான் வெளிப்படுகிறது என்பது இக்கட்டுரையின் துணிபு.

குமரப்பாவின் கணக்கேடு

பீகாரிலும் இத்தகைய பாத்திரம் ஒன்று செயற்பட்டது. நிலநடுக்கம் நிகழ்ந்த இரண்டொரு நாளில் சிறையினின்று விடுதலையான இராசேந்திர பிரசாத்தின் தலைமையில் பீகார் மைய நிவாரணக் குழு அமைந்தது. நாடெங்குமிருந்து பல இலட்சம் ரூபாய் குவிந்தது. நேரு முங்கேரில் இடிபாடுகளை அகற்றும் பணியில் தாமே இறங்கினார். காந்தியடிகளின் பாவ விளக்கத்தைத் தம்மால் ஏற்க இயலாமையைப் பின்னர்த் தம் வாழ்க்கை வரலாற்றில் பதிவுசெய்தார். மார்ச் மாதத்தில் காந்தியடிகளும் பீகாருக்கு வந்தார். நிவாரணப் பணியில் அரசோடு ஒத்துழைத்தல் வேண்டும் என்பதே அங்கு அவர் நிலைப்பாடு. ஆட்சியோடு போராடிய இயக்கம், பாதிக்கப்பட்டவர் பொருட்டு அப்பகையை ஒதுக்கிவைத்தது.

இக்குழுவின் நிதியைக் கண்காணிக்கும் பொறுப்பு, தஞ்சாவூரில் பிறந்து இலண்டனில் கணக்காயர் பயிற்சி பெற்ற ஜே. சி. குமரப்பாவிடம் ஒப்படைக்கப்பட்டது. தொண்டர்களின் அன்றாடச் செலவுக்கு அவர் மிகக் குறுகிய வரம்பு விதித்தார். காந்தியடிகளும் உடன் வந்தோரும் பாட்னாவில் தங்கியபொழுது, அவர்களுக்கான செலவை நிவாரண நிதியிலிருந்து தர இயலாது என அவர் மறுத்த நிகழ்ச்சி அவர் வாழ்வைக் கூறுவோர் பலரும் எடுத்துரைப்பதாகும். துயருற்றோர்க்கென வந்த பொருள் துயருற்றோர்க்கே உரியது, தலைவராயினும் விலக்கில்லை. காந்தியடிகள் அதனை ஏற்றுக்கொண்டார்.

ஆபுத்திரன் பொய்கையில் இட்ட பாத்திரத்திற்கும் குமரப்பாவின் கணக்கேட்டிற்கும் இடையே உள்ள உறவு வெறும் உவமை அன்று. இரண்டும் ஒரே அறத்தின் இரு வடிவங்கள். வள்ளுவர் ஒப்புரவறிதலையும் ஈகையையும் தனித்தனி அதிகாரங்களாக அடுத்தடுத்து வைத்தார். ஈகை இல்லாதவர்க்குக் கொடுப்பது. ஒப்புரவோ உலகநடை அறிந்து, கைம்மாறு கருதாது, ஊரோடு பொருந்தி ஒழுகுவது. இரக்கம் பொங்கும் முதல் வாரத்தில் ஈகை எளிது. தூர்ந்த கிணற்றை மீண்டும் தோண்டும் நாள்வரை கணக்குத் தவறாமல் நிற்பது ஒப்புரவு. நிவாரணப் பணியின் மதிப்பை அளக்க இவ்வேறுபாடு இன்றும் பயன்படும்.

நம் காலத்துச் சான்று

2004 டிசம்பர் 26ஆம் நாள் ஆழிப்பேரலை தமிழகக் கடற்கரையைத் தாக்கியது. நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் ஆறாயிரத்துக்கு மேற்பட்டோர் மாண்டனர். நாடும் உலகமும் வாரி வழங்கின. எனினும் அனுப்பப்பட்ட பழந்துணிகள் கொள்வாரின்றிச் சாலையோரம் குவிந்து கிடந்த காட்சியும், தங்குமிடங்களிலும் பொருள் வழங்கலிலும் தலித் மக்கள் ஒதுக்கப்பட்டனர் என்னும் முறையீடுகளும் அக்காலச் செய்திகளிலும் மனித உரிமை அமைப்புகளின் அறிக்கைகளிலும் இடம்பெற்றன. முன்னது கொள்வோன் தேவையை அறியாத கொடை. பின்னது கொள்வோன் பிறப்பைக் கேட்ட கொடை. தீண்டாமை நிலநடுக்கத்தை வருவிப்பதில்லை. ஆனால் பேரிடருக்குப் பின் யாருக்குச் சோறு முதலில் சேரும் என்பதை அது முடிவுசெய்கிறது. காந்தியடிகள் தீண்டாமைக்கும் பேரிடருக்கும் உறவு கண்டதில் உண்மை இல்லாமலில்லை. அவ்வுறவைக் காரணத்தில் தேடினார், அது விளைவில் இருந்தது.

நிறைவாக

இந்திய நிலத்தட்டு வடக்கு நோக்கி நகர்ந்து யூரேசிய நிலத்தட்டோடு மோதுவதே இமயமலைப் பகுதி நிலநடுக்கங்களுக்குக் காரணம் என்பது இன்று பள்ளி மாணவரும் அறிந்த செய்தி. 1934இல் இவ்விளக்கம் எவரிடமும் இல்லை. நிலத்தட்டுக் கொள்கை 1960களிலேயே உருப்பெற்றது. ஆகவே தாகூர் வென்றது அறிவியல் தரவினால் அன்று; குற்றமற்றவரைக் குற்றவாளியாக்கும் எந்த விளக்கத்தையும் ஏற்கமாட்டேன் என்னும் அற உறுதியினால். காந்தியடிகளின் சொல் அவ்வகையில் தோற்றது. அவர்தம் இயக்கத்தினரின் செயலோ தோற்கவில்லை. இடிபாட்டை அகற்றிய கைகளும் கணக்கெழுதிய கையும் எவர் பாவம் என்று கேட்கவில்லை.

பேரிடர் இலக்கியத்தைத் திறனாயும்பொழுது, அது அழிவுக்கு என்ன காரணம் கூறுகிறது என்பதை மட்டும் நோக்குதல் போதாது. அதன் பாத்திரம் எவர் முன் நீட்டப்படுகிறது, எவரைக் கடந்து செல்கிறது என்பதையும் நோக்குதல் வேண்டும். மணிமேகலை இவ்விரண்டாம் வினாவை நமக்குக் கற்றுத்தருகிறது. இனி எழுதப்படும் பேரிடர்ப் படைப்புகளையும் இவ்வளவுகோலால் அளப்பது தமிழ்த் திறனாய்வின் கடமை எனலாம்.