கோணமலை: ஐதிகமும் சான்றும்

1956 இல் மைக் வில்சனும் ஆதர் சி. கிளார்க்கும் கோணமலையடிக் கடலிற் கண்ட கோயிற் சிதைவுகளைத் தலபுராணம் முழுமைக்கும் சான்றாகக் கொள்ளும் போக்கு நமக்கு உடன்பாடன்று. அவை நிறுவுவது, 1622 இல் போர்த்துக்கேயர் இடித்த கோயிலின் உண்மையையே. பிரெட்றிக் கோட்டைக்குச் சென்ற கற்களும் அதனையே கூறும். இராவணன் வாளால் மலையைப் பிளந்தான் என்பதற்கு அவை சாட்சியாகா. அப்பிளவு குறித்து வினவத்தக்கவர் புவிச்சரிதவியலார். சான்றைத் துணைக்கழைத்தவர், அது மறுத்துரைக்கும்போது மட்டும் 'இது நம்பிக்கை' என ஒதுங்குதல் தருக்கமாகாது. (ஐதிகத்தோடு கோயிலையும் பொய்யென்னும் நாத்திக அவசரமும் இத்தகையதே.) நம்பிக்கைக்கு இச்சான்று தேவைப்பட்டதா? 1963 கும்பாபிஷேகத்திற்கு முன், கோயிலற்ற பத்தொன்பதாம் நூற்றாண்டிலும் அடியவர் அம்மலைமுனையில் நின்று கடலை நோக்கிப் பூசை செய்தனர். சுழியோடிகளின் படங்கள் எவையும் அவர் கையில் இருக்கவில்லை.